இடப்பக்கம் தாழும் ஜீப்

“இந்த வண்டியில எத்தனை பேர் செத்திருப்பாங்க?”

“வண்டிக்குள்ள யாரும் சாகறதில்ல, கமலா. சுட்டா வெளிய குதிச்சு ஓடுவாங்க. சாவெல்லாம் ரோட்டோரத்துலதான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. நீ பயந்துடக் கூடாதேன்னு சொன்னேன்.”

“நான் எங்க பயந்தேன்? கழுவ எவ்வளவு சோப்பு வேணும்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்.”

ஜீப் வீட்டுக்கு வந்த அன்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். பிற்பாடு கமலவேணிக்கு அந்தப் பேச்சு அடிக்கடி நினைவுக்கு வரும். தன் கணவன் கலியாணசுந்தரம் எத்தனையோ தப்புக் கணிப்புகள் சொல்லியிருக்கிறான். அவற்றில் பெரியது இதுதான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஐம்பத்தேழாம் வருஷம், மார்ச் மாதம். மலாய் நாட்டில், காஜா பெராங்கில், செட்டிகள் குடியிருப்பான கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில் அவர்கள் குடியிருந்தார்கள். சுந்தரம் பஸ் பட்டறையில் மெக்கானிக். கமலவேணி பிள்ளைப்பேறு பார்க்கும் மிஸ்ஸி. முந்தின வருஷம் ஐப்பசி மழையில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. வாடகைக் காடி பாதி வழியில் சேற்றில் புதைந்துவிட்டது. பையைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மைல் நடந்தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைக் கண்டதும் எழுந்து வழி விட்டார்கள். யாரும் அவசரப்படவில்லை. அவர்கள் எழுந்த நிதானத்திலேயே, பிந்திவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து, சேறு காய்ந்த காலோடு கணவன் முன்னால் நின்று சொன்னாள்: “சேத்துல புதையாத வண்டி ஒண்ணு எனக்கு வேணும். வாங்கிக் கொடுங்க, இல்லேன்னா செஞ்சு கொடுங்க.”

சுந்தரம் இரண்டையும் செய்தான். ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப்பைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தினான். சண்டைக் காலத்தில் வந்து, பிறகு கம்யூனிஸ்டுகளைப் பட்டாளம் வேட்டையாடிய அவசரகாலத்தில் காட்டுப் பாதைகளில் அலைந்து தேய்ந்த வண்டி. ஸ்டீரிங் இடக்கைப் பக்கம். பச்சைப் பெயிண்டுக்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்கும் கீழே துரு.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை விட்டு வந்த மாலைகளிலும் அதை உரித்தான். ஆறு வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு வோல்ட் வைத்தால் பின்னால் ஒரு விளக்குப் போடலாம். பின்பாடியை வெட்டி ஒன்றரை அடி நீட்டினால் ஸ்ட்ரெச்சர் கிடத்தலாம். கான்வாஸ் கூரைக்குப் பதில் பலகைக் கூரை. கமலவேணி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கேட்ட ஸ்பானரைத் தப்பாமல் எடுத்துக் கொடுப்பாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் இருந்ததே இல்லை.

முதல் அறிகுறி ஒரு குச்சியில் தெரிந்தது.

தரையிலிருந்து பாடியின் விளிம்பு வரை உயரம் பார்க்க சுந்தரம் ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட்டு வைத்திருந்தான். பின்சக்கரத்தருகே வலப்பக்கம் கோட்டுக்குச் சரியாக நின்றது. இடப்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது.

“பட்டை செத்துப்போச்சு,” என்றான். சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காகப் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளைத்தான் சொன்னான். ஜாக்கி போட்டுத் தூக்கி, வலப்பக்கத்து அடுக்கை இடப்பக்கமும் இடப்பக்கத்தை வலப்பக்கமும் மாற்றி மாட்டினான். இனி தாழ்ந்தால் வலப்பக்கம்தான் தாழ வேண்டும்.

மறுநாள் காலை குச்சியை வைத்துப் பார்த்தான்.

இடப்பக்கமே தாழ்ந்திருந்தது.

சுந்தரம் கழுத்தைச் சொறிந்துகொண்டான். மெக்கானிக்குகளுக்கு ஒரு குணம் உண்டு: உலகத்தில் எது நடந்தாலும் ஏதோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது என்றே நம்புவார்கள். அவன் இடப்பக்கத்தில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தான். ஒன்பது பட்டை பத்தாயிற்று. இரண்டு நாள் நிமிர்ந்து நின்ற வண்டி மூன்றாம் நாள் பழையபடி சாய்ந்தது. பத்து பதினொன்றாயிற்று. வண்டி கட்டாந்தரை போல இறுகிப்போனது. சந்து முனை வரை போய் வந்தாலே பல் தெறித்தது. ஆனால் காலையில் குச்சியை வைத்தால் இடப்பக்கம் அதே இரண்டு விரல்.

ஒரு ஆள் ஏறி உட்கார்ந்த பாரம் அது. அதைக் கமலவேணி யோசித்தாள், சொல்லவில்லை.

பிறகு சத்தம் வந்தது. எஞ்சினை நிறுத்தியபின், கொட்டகை அடங்கியபின், பின்பக்கத்திலிருந்து மெல்லிய கிணுகிணுப்பு.

“வாஷர் ஒண்ணு ஆடுது,” என்றான் சுந்தரம்.

“நின்ன வண்டியில வாஷர் எப்படிங்க ஆடும்?”

“சூடு தணியும்போது இரும்பு சுருங்கும். உனக்குத் தெரியாது.”

பிறகு வாசனை. வியர்வை, நல்லெண்ணெய், பூண்டு.

“கியர் ஆயில் கசியுது.”

“கியர் ஆயில்ல பூண்டு போட்டுத் தாளிப்பாங்களா?”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வாசனை அவளுக்குப் பழக்கம். மாதம் இருபது வீட்டில் அந்த வாசனைக்கு நடுவில்தான் அவள் முழங்காலிட்டு உட்காருகிறாள். நிறைமாதப் பெண்ணின் வாசனை அது.

மே மாதத்தில் பின்பாடியை நீட்டுவதற்காகத் தளத்தை அறுத்தார்கள். தளத் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடப்பக்கத்துச் சந்தில் கண்ணாடிச் சில்லுகள் கொட்டிக் கிடந்தன. சுந்தரம் துடைப்பத்தை எடுத்தான்.

“பின்விளக்கு உடைஞ்சிருக்கு. காலைக் கிழிச்சுடும், தள்ளி நில்லு.”

கமலவேணி குனிந்து ஒரு சில்லை எடுத்தாள். “பின்விளக்கு எப்பங்க பச்சைக் கலர்ல எரிஞ்சது?”

சிவப்பும் பச்சையுமாக இருந்தன. எல்லாச் சில்லும் வளைந்திருந்தன.

ஏழாம் மாதத்தில் மாமியும் நாத்தனாருமாகக் கூடி, பிள்ளைத்தாய்ச்சியின் இரண்டு கையும் நிறையப் போட்டுவிடும் வளையல்கள். பிரசவம் ஆகும்வரை கழற்ற மாட்டார்கள். அவை தாமாக உடைவதில்லை. எதிலாவது ஓங்கி மோத வேண்டும். திரும்பத் திரும்ப மோத வேண்டும்.

அன்று சுந்தரம் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் ஏலம் நடந்த இடத்துக்கே போய்க் காவல்காரனிடம் பேச்சுக் கொடுத்தான். திரும்பி வந்ததும் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், சாப்பிடவில்லை.

“ஜொகூர் பக்கம் ஓடின வண்டியாம். ஊரடங்கு நேரம். தோட்டத்துல ஒரு பொண்ணுக்கு வலி கண்டிருக்கு. பட்டாளத்துக்காரங்க இரக்கப்பட்டுத்தான் ஏத்தியிருக்காங்க. ஆனா கூட வீட்டு ஆளுங்க யாரையும் ஏத்த விடல. வழியில சுட்டுருவாங்களோன்னு பயம், காட்டுப் பாதையில விரட்டியிருக்காங்க. அவளுக்குத் தமிழ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஏத்தினவங்க ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது.”

“பேர் என்ன?”

“தெரியல.”

“ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாளா?”

“வண்டி போய்ச் சேர்ந்துச்சு,” என்றான் சுந்தரம்.

அதன் பிறகு அவன் கொட்டகைக்குத் தனியே போகவில்லை. ஸ்டீரிங்கில் உட்கார்ந்தால் பிடரியில் மூச்சுப் படுகிறது என்றான். “சும்மா மூச்சு இல்ல, கமலா. ஏதோ பேச வாயெடுக்கிற மாதிரி இழுக்குது. அப்புறம் அடக்கிக்குது.”

ஒருநாள் பிற்பகல், வெயில் தகரத்தில் கொதிக்கும் நேரம் பார்த்து, கமலவேணி தனியே போனாள். மிஸ்ஸி உட்காருவதற்காக இடப்பக்கத்தில் புதிதாக அடித்திருந்த சிறு பலகையில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் கையைக் கட்டிக்கொண்டாள்.

வெளியே கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. எங்கோ அம்மியில் மசாலா அரைபட்டது.

பிறகு அம்மிச் சத்தம் நின்றது. கோழிகளும் ஓய்ந்தன.

கொட்டகை குளிர்ந்தது.

அவள் தோளுக்கருகில் பலகை மெல்ல முனகியது, இன்னொருவர் பாரம் ஏறியதுபோல.

அவள் திரும்பவில்லை.

ஈரத்துணி ஒன்று அவள் முழங்கையில் உரசியது.

“இங்க பாரு,” என்றாள் கமலவேணி. குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். “இது என் வண்டி. ராவும் பகலுமா என் புருஷன் செஞ்ச வண்டி. நான் பயந்து இறங்கிடுவேன்னு நினைக்காதே. இறங்க மாட்டேன். உன்னையும் இறங்கச் சொல்லல. ஆனா என்ன வேணும்னு வாயைத் திறந்து கேளு. நான் தமிழச்சிதான். எனக்குப் புரியும்.”

காதோரம் ஒரு மூச்சு இழுபட்டது. நெஞ்சு நிறைய இழுத்த மூச்சு. சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

மூச்சு விழுங்கப்பட்டது.

கோழிகள் மறுபடி கிளறத் தொடங்கின.

ஆகஸ்டு மாதம், நாட்டுக்குச் சுதந்திரம். ஊரெங்கும் கொடி. பண்டார் ஹிலிரில் தோரணம் கட்டியிருந்தார்கள். மெர்டேக்கா, மெர்டேக்கா என்று பிள்ளைகள் சந்தில் கத்திக்கொண்டு ஓடினார்கள். அந்த வாரத்தில்தான் சுந்தரம் பழைய வண்டி வாங்கும் ஒரு சீனத் தவுக்கேயை வீட்டுக்குக் கூட்டிவந்தான். தவுக்கே ஜீப்பைச் சுற்றி வந்து மெச்சினார், பின்னால் ஏறி உட்கார்ந்தார், உடனே இறங்கினார். இறங்கியவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சந்து முனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

“என்னைக் கேக்காம யார் உங்களை விக்கச் சொன்னது?” என்றாள் கமலவேணி.

“வித்தா என்ன? உடைச்சு இரும்புக்குப் போட்டாலும் சரி. பிள்ளைத்தாய்ச்சி செத்த வண்டியில இன்னொரு பிள்ளைத்தாய்ச்சியை ஏத்துவியா?”

“அப்படிப் பார்த்தா ஆஸ்பத்திரிக் கட்டில் ஒண்ணுலகூட யாரையும் படுக்க வைக்க முடியாதுங்க.”

“அது வேற, இது வேற லா!”

“ஒண்ணும் வேற இல்ல. ஒருத்தி வலியோட ஏறினா. இறக்கிவிட ஆள் இல்லாம உள்ளேயே இருக்கா. அவளைத் துரத்திட்டு நான் வேற யாரை ஏத்தறது? எந்த முகத்தோட ஏத்தறது?”

மறுநாள் மாலை கொட்டகையில் சுத்தியல் சத்தம் கேட்டது. சுந்தரம் பலகைக் கூரையின் கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் தோளுக்கு மேலே பின்னால் பார்த்துக்கொண்டான். அடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்தக் கதையெல்லாம் பக்கத்து வீட்டுச் சாரதாம்பாளுக்குத் தெரியும். அவர், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட செட்டிச் சமூகத்துப் பெண்மணி. சாமிக்குச் சூடம் காட்டும்போது இரண்டொரு தமிழ்ச் சொல் வரும். மற்றபடி வீட்டில் பேச்செல்லாம் மலாய். செத்தவர்களுக்கு வருஷம் தவறாமல் இலை போட்டு, ஆக்கியதையெல்லாம் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருக்கும் ஜனங்கள் அவர்கள். பேய் என்றதும் அலறுகிறவர்கள் அல்ல.

“அலாமாக், கமலா,” என்றார் மலாயில். “எங்கள் வீட்டில் செத்தவர்கள் வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். இவள் ஏன் போகவில்லை? ஏதோ கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கும்வரை போக மாட்டாள்.”

“கேட்டாச்சு அக்கா. சொல்ல மாட்டேங்கறா,” என்றாள் கமலவேணி, அவளும் மலாயில்.

அக்டோபர் கடைசியில், நான்கு நாள் விடாமல் மழை. அன்று பிற்பகல் இரண்டு மணிக்குச் சாரதாம்பாளின் மருமகன் தொப்பலாக நனைந்து, மாமியாரோடு கமலவேணியின் வாசலில் வந்து நின்றான். அவருடைய மகள் சீதாவை மச்சாப் கிராமத்துக்கு அப்பால் ஒரு துரியான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவனுக்குத்தான் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று இருந்தார்கள். விடியற்காலையில் வலி கண்டுவிட்டது. ரத்தமும் போகிறது. ஆஸ்பத்திரி வேன் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. உள்ளே நாலு மைல் வெறும் சேறு.

சுந்தரம் மனைவியைப் பார்த்தான். கமலவேணி சாரதாம்பாளைப் பார்த்தாள். அந்தச் சந்தில் சேற்றில் புதையாத வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சாரதாம்பாள் கொட்டகைப் பக்கம் திரும்பினார். “என் மகளை அதிலா ஏற்றப்போகிறாய்?”

“அதுலதான் அக்கா.”

அந்த அம்மாள் கண்ணை மூடித் திறந்தார். “போ,” என்றார்.

ஜீப் சளைக்கவில்லை. செம்மண் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, சாய்ந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறியது. மருமகன் வழி காட்டினான். குடிசை வாசலில் போய் நின்றபோது சுந்தரத்தின் முகத்தில் பயத்தையும் மீறி ஒரு பெருமை தெரிந்தது.

சீதாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. கமலவேணி தொட்டுப் பார்த்தாள். பிள்ளை உயிரோடு இருந்தது. ஆனால் இங்கே வைத்துப் பார்க்கிற பிரசவம் இல்லை. ஸ்ட்ரெச்சரை வலப்பக்கத்தில் கிடத்திக் கட்டினார்கள். வெளியேறும் வழியில் ஒரு பள்ளத்தில் மருமகன் இறங்கி வண்டியைத் தள்ளிவிட்டான். சைக்கிளில் வருகிறேன், நிற்காதீர்கள் என்று கையை ஆட்டினான்.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் கறுத்துக்கொண்டே வந்தது. கமலவேணி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தளத்தில் முழங்காலிட்டு, சீதாவின் இடுப்பை இரு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். இடப்பக்கப் பலகை காலியாக இருந்தது.

வண்டி இடப்பக்கம் சாய்ந்தே ஓடியது.

“சாகிட், காக், சாகிட்,” என்றாள் சீதா. வலிக்கிறது, அக்கா, வலிக்கிறது. கமலவேணி ஒரு துண்டைச் சுருட்டி அவள் பல்லிடுக்கில் கொடுத்தாள்.

துணி சிவந்தது. மாற்றினாள். அதுவும் சிவந்தது.

லயத்து வாசலில் எழுந்து வழி விட்ட பெண்கள் அவள் கண்முன் வந்தார்கள்.

“வேகமா போங்க!” என்று கத்தினாள்.

சுந்தரம் மிதித்தான். அவனுக்கும் அதுவே வேண்டியிருந்தது, பிடரியில் மூச்சு. பதினொரு பட்டை இறுகிய வண்டி ஒவ்வொரு குழியிலும் எகிறி விழுந்தது. சீதாவின் உடம்பு ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போட்டது.

“இன்னும் வேகமா!”

எகிறி விழுந்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு முனகல். கமலவேணியின் விரல்களுக்கிடையில் சூடாக வழிந்தது.

“என்னங்க, இன்னும்!”

விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது.

வண்டிக்குள் குளிர்ந்தது.

சீதாவின் கண்கள் கமலவேணியை விட்டு நகர்ந்தன. இடப்பக்கப் பலகைக்குப் போய் அங்கேயே நின்றன. பயமில்லாமல், பக்கத்தில் இன்னொரு பெண் வந்து உட்கார்ந்தால் இடம் விடுவதுபோல, அவள் தன் காலை மெல்ல ஒடுக்கிக்கொண்டாள்.

கமலவேணி இந்தத் தடவை திரும்பினாள்.

பலகையில் ஒன்றுமில்லை. இருட்டு இருந்தது. இருட்டுக்குள் யாரோ வயிற்றை இரு கையாலும் தாங்கிப் பிடித்திருக்கும் வடிவம் இருந்ததா, கூரை நிழலா, அவளால் சொல்ல முடியவில்லை.

“சொல்லு,” என்றாள் அதனிடம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “உனக்கு என்ன வேணுமோ இப்பவே சொல்லு. ஆனா இவளை விட மாட்டேன். நீ கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.”

மூச்சு ஒன்று இழுபட்டது.

நீளமாக இழுபட்டது.

சீதாவின் வாயில் துண்டு இருந்தது. அவளுக்குத் தமிழும் தெரியாது.

இழுத்த மூச்சு இந்தத் தடவை விழுங்கப்படவில்லை. கமலவேணியின் காதோரத்தில், கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்கும் ஒரு சின்னப் பெண்ணின் குரல், தெளிந்த தோட்டத்துத் தமிழில் சொன்னது:

“அக்கா, கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்கக்கா.”